பூட்டின வீட்டில் யாரைக் கேட்பது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இந்த அத்தியாயத்தைக் கடம்பூரில் இருந்து பேசுகிறேன். மதுரையில் இருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனவர்களுக்குக் கடம்பூர் என்றாலே போளிதான் ஞாபகம் வரும். வரட்டும், நல்ல விஷயம்தான். ஆனா இன்னைக்குப் பேசப்போறது, இந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறிப் பிழைக்கப் போறவங்களைப் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, அப்படிப் போறவங்களை ஆராய்ச்சி பண்றவங்களைப் பத்தி.

ஆராய்ச்சியாளர்களைப் பத்தி நமக்கு என்னன்னு கேட்கலாம். ஒரு காரணம்தான். அவங்க நோட்டுப் புத்தகத்துல என்ன எழுதுறாங்களோ, அது நாளைக்கு எண்ணிக்கையாகுது. எண்ணிக்கைதான் திட்டமாகுது, சட்டமாகுது, நிதி ஒதுக்கீடாகுது. அவங்க கேட்காம விட்ட ஆள் இது எதுலயும் வரமாட்டாங்க. அதனால, கேள்வி எப்படிக் கேட்கப்படுதுங்கிறது பல்கலைக்கழகத்துக்குள்ள மட்டும் பேசி முடிக்கிற விஷயம் இல்ல.

நூறு வருஷமாகக் கேள்வி கேட்கப்படும் ஊர்கள்

நம்ம பக்கத்துக்கு இது புதுசு இல்ல. 1916ல், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரா இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, வீடு, நிலம், மாடு, கடன், கூலி எல்லாத்தையும் விசாரிச்சு எழுதச் சொன்னார். 1918ல் அது புத்தகமா வந்தது. அதில் வருகிற தமிழ்நாட்டு ஊர்களில் இரண்டு நமக்கு அக்கம்பக்கம். ஒண்ணு சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். இன்னொண்ணு கங்கைகொண்டான். கடம்பூர்ல ரயில் ஏறினா மணியாச்சி தாண்டி வர்ற அதே கங்கைகொண்டான்தான்.

இந்த ஊர்களுக்கு ஆய்வாளர்கள் ஒரு தடவை வந்துட்டுப் போயிடல. 1936–37ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் தலைமையில் மறுபடி விசாரிச்சாங்க. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து வந்தாங்க. அதுக்குப் பிறகு ஜான் ஹாரிஸும் ஜெ. ஜெயரஞ்சனும் கங்கைகொண்டானில் 1916 முதல் 2012 வரை நடந்த மாற்றத்தை எழுதினாங்க. அவங்க காட்டுறது இதுதான்: ஊர் ஊராவே இருக்கு, வீடுகள் இருக்கு, ஆனா பிழைப்பு பெரும்பாலும் விவசாயத்துல இல்ல. ஊரில் குடியிருந்துக்கிட்டே வெளியே வேலை பார்க்கிறாங்க.

ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்ப வர்றதுல ஒரு பெரிய லாபம் உண்டு. போன தலைமுறையில் யார் வீட்டில் நிலம் இருந்தது, இப்ப அந்த நிலம் யார்கிட்ட, யார் போனாங்க, யார் திரும்பி வந்தாங்கன்னு பார்க்க முடியும். ஒரு தடவை வந்து, படிவத்தை நிரப்பிட்டுப் போறவங்களுக்கு இது எதுவும் கிடைக்காது.

எந்த மாசம் வந்தீங்க?

கரிசல் காடு மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தா விதைப்பு. உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருத்தி, மல்லி. தையில இருந்து அறுப்பு. பருத்தி எடுப்பும் மிளகாய் எடுப்பும் இன்னும் கொஞ்சம் நாள் இழுக்கும். அதோட சரி. அடுத்த மழை வரைக்கும் காடு சும்மா கிடக்கும்.

காடு சும்மா கிடந்தாலும் வயிறு சும்மா இருக்காது. அந்த மாசங்கள்ல தூத்துக்குடி உப்பளத்துல வேலை இருக்கும். வெயில் அடிச்சாத்தான உப்பு? நமக்கு வேலை இல்லாத காலம் அவங்களுக்கு வேலைக் காலம். விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுற குடும்பங்கள் மரம் இருக்கிற இடத்துக்கே போய்த் தங்கிக்கிறாங்க. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குத் தினமும் போய் வர்றவங்க உண்டு. இளவட்டங்க திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைன்னு போறாங்க. அப்புறம் பங்குனியோ சித்திரையோ வைகாசியோ, அந்தந்த ஊர்க் கொடை வந்தா எல்லாரும் ஊர்ல இருப்பாங்க.

இப்ப ஒரு ஆராய்ச்சி மாணவி தை மாசம் வர்றான்னு வச்சுக்கோங்க. அறுப்பு நேரம், வீட்டுல ஆள் இருக்கு. “இந்த ஊரில் இடப்பெயர்ச்சி குறைவு”ன்னு எழுதிட்டுப் போவா. அதே பொண்ணு ஆனியில வந்தா, தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கும், திண்ணையில வயசானவங்க மட்டும். “ஊரே காலியாகிறது”ன்னு எழுதுவா. கொடைக்கு வந்தா “வெளியூர் போனவர்கள் பெருமளவில் திரும்பிவிட்டார்கள்”னு எழுதுவா. மூணும் அவ கண்ணால பார்த்ததுதான். மூணும் தப்பு.

கேள்வியிலயும் சிக்கல் உண்டு. பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

“தாத்தா, உங்க வீட்ல யாராவது வெளியூர் போயிருக்காங்களா?”

“இல்ல தாயி. எல்லாம் இங்கதான் இருக்கு.”

“பெரியவர் மகன்?”

“அவன் திருப்பூர்ல இருக்கான்.”

“அப்ப வெளியூர்தான, தாத்தா?”

“அது வேலைக்கில்லா போயிருக்கான். கொடைக்கு வந்துருவான்.”

தாத்தா பொய் சொல்லல. மகன் பேர் ரேஷன் கார்டுல இங்க இருக்கு, ஓட்டு இங்க இருக்கு, வரி வாங்குற கணக்குல அவன் தலைக்கட்டு இங்க இருக்கு. அவருக்கு அவன் ஊரைவிட்டுப் போகல. படிவத்துல “இடம்பெயர்ந்தவர்”ங்கிற வார்த்தைக்கு ஒரு அர்த்தம், அவருக்கு வேற ஒரு அர்த்தம்.

எண்ணிக்கை எங்கே ஓட்டையாகுது

நாட்டளவில் நடக்கிற பெரிய கணக்கெடுப்புகளை எடுத்துக்குவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் முன்னால் இருந்த இடத்தை விட்டு வேற இடத்தில் இருக்கிறவங்க சுமார் 45 கோடிப் பேர். மலைக்க வேண்டாம். அதில் ஏறக்குறையப் பாதி, கல்யாணத்தால இடம் மாறினவங்க, பெரும்பாலும் பெண்கள். ஒரு பொண்ணு கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய் அங்க மில்லுலயோ தீப்பெட்டி ஆபீஸிலயோ 20 வருஷம் உழைச்சிருப்பா. காரணம்ங்கிற கட்டத்துல “திருமணம்”னுதான் இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு அடியில அவ வேலை மறைஞ்சு போகுது.

கொஞ்ச காலம் மட்டும் போய் வர்றவங்களைப் பிடிக்க, தேசிய மாதிரி ஆய்வு 2007–08ல் ஒரு வரையறை வச்சது. வருஷத்தில் ஒரு மாசத்துக்குக் குறையாம, ஆறு மாசத்துக்கு உள்ள, வேலைக்காக வெளியே தங்கினவங்க குறுகிய கால இடப்பெயர்ச்சியாளர். அந்தக் கணக்கில் நாடு முழுக்க வந்தவங்க ஒன்றரைக் கோடிக்கும் குறைவு. ஆனா பிரியா தேஷிங்கரும் ஷாஹீன் அக்தரும் 2009ல் ஒவ்வொரு தொழிலா எடுத்து, செங்கல் சூளை, கட்டடம், ஜவுளி, சுரங்கம்னு கூட்டிப் பார்த்து, போய்த் திரும்புற தொழிலாளர்கள் 10 கோடி இருக்கலாம்னு மதிப்பிட்டாங்க. ஒன்றரைக் கோடி எங்க, 10 கோடி எங்க! வித்தியாசம் ஆட்களால வரல, அளவுகோலால வந்தது. உப்பளத்துக்குப் போயிட்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வர்ற ஆள் அந்தப் பழைய அளவுகோலில் எங்கே நிற்பார்னு நீங்களே யோசிங்க.

2016–17 பொருளாதார ஆய்வறிக்கையில் வேற ஒரு வழி பார்த்தாங்க. ரயில்வேயில் முன்பதிவில்லாப் பயணிகள் எந்த ஸ்டேஷனில் இருந்து எந்த ஸ்டேஷனுக்குப் போறாங்கங்கிற விவரத்தை வச்சு, மாநிலம் விட்டு மாநிலம் போறவங்க வருஷத்துக்கு 90 லட்சம்னு மதிப்பிட்டாங்க. நல்ல யோசனைதான். மஞ்சப்பையும் பெட்டியுமா அன்ரிசர்வ்டு பெட்டியில ஏறுறவங்களை முதல்முதலாக் கணக்குக்குள்ள கொண்டு வந்தது. ஆனா அது மாநில எல்லை தாண்டினவங்களுக்கு. கடம்பூர்ல ஏறி திருப்பூர்ல இறங்குறவங்க அந்த எண்ணிக்கையில இல்ல.

வெளிநாடு போனவங்களுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்ல. கேரளாவில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதய ராஜனும் 1998ல் தொடங்கின இடப்பெயர்வுக் கணக்கெடுப்பு சில வருஷத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து நடக்குது. அதே முறையில் 2015ல் தமிழ்நாட்டில் நடந்தது. இருதய ராஜனோட சென்னை லயோலா கல்லூரியின் பெர்னார்ட் டி சாமியும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஆசிர் ராஜும் சேர்ந்து பண்ணினாங்க. 20,000 வீடுகள்ல கேட்டு, வெளிநாட்டில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரங்க சுமார் 22 லட்சம்னு கணக்கிட்டாங்க. சிங்கப்பூரும் அமீரகமும் முன்னணியில் இருந்தன. அதுக்கு முன்னால இப்படி ஒரு கணக்கு நம்மகிட்ட இல்ல. அந்த உழைப்புக்கு நாம கடன்பட்டிருக்கோம்.

இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. வீட்டில் இருக்கிறவங்களிடம்தான் போனவங்களைப் பத்திக் கேட்க முடியும். குடும்பத்தோட போயிட்டா? கதவுல பூட்டு. பூட்டின வீடு படிவத்துக்குப் பதில் சொல்லாது. அப்படி ஆராய்ச்சியில் கிடைக்கிற படம், ஒருத்தர் போய் மத்தவங்க காத்திருக்கிற வீடுகளோட படம். மொத்தமா வெளியேறின வீடுகளைத் தேடிப் போகணும்னா அக்கம்பக்கத்தில் கேட்கணும், தலைக்கட்டு வரி நோட்டைப் பார்க்கணும், போன ஊருக்கே போய்ப் பார்க்கணும்.

ஆப்பிரிக்காவிலும் இதே கேள்வி

இடப்பெயர்ச்சியும் வளர்ச்சியும்னு இணைச்சு இப்ப உலகத்தில் அதிகம் விவாதம் நடக்கிறது ஆப்பிரிக்காவை வச்சுத்தான். அது நமக்குத் தூரத்து இடம் இல்ல. 1860ல் இருந்து 1911 வரைக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாப் போன இந்தியர்கள் 1,52,000 பேருக்கு மேல். பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறினவங்க. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்காங்க. “ஏன் வந்தே?”ன்னு மட்டும் அதில் ஒரு கட்டம் இல்ல. தோட்ட முதலாளிக்கு அந்தப் பதில் தேவைப்படல. யாருக்காக எண்ணுறாங்களோ, அவங்களுக்கு வேண்டியதுதான் எழுதப்படும்.

இன்னைக்கும் அப்படித்தான். 2015ல் ஐரோப்பிய ஒன்றியம் மால்டாவின் வலெட்டா நகரில் ஆப்பிரிக்காவுக்கு ஒரு அவசர நிதியத்தைத் தொடங்கினது. நோக்கம், ஆட்கள் கிளம்புறதுக்கான “மூல காரணங்களை” சரி செய்றது. ஊர்ல வேலை கிடைச்சா போகமாட்டாங்கங்கிற கணக்கு. இந்தத் துறையில் நீண்ட நாள் வேலை செய்தவங்க இதை ஏத்துக்கல. மொராக்கோவின் டோத்ரா பள்ளத்தாக்கில் ஆய்வு பண்ணின ஹெயின் டி ஹாஸ் சொல்றது இது: ரொம்ப ஏழையா இருக்கிறவன் தூரமாப் போக முடியாது. கையில கொஞ்சம் காசு, கொஞ்சம் படிப்பு, ஒரு தொடர்பு வந்த பிறகுதான் போறான். அதனால வளர்ச்சி வந்தா, ஆரம்பத்தில் போறவங்க எண்ணிக்கை கூடும். குறையாது. அதுலயும், ஆப்பிரிக்காவில் இடம்பெயர்றவங்களில் பெரும்பாலானவங்க ஆப்பிரிக்காவுக்குள்ளேயேதான் போறாங்க. ஐரோப்பாவுக்குப் போற படகுதான் டிவியில தெரியுது.

ஜாம்பியா–அங்கோலா எல்லைக் கிராமங்களில் வேலை செய்த ஆலிவர் பேக்வெல் 2008ல் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்டார். மனுஷன் பிறந்த இடத்தில் இருக்கிறதுதான் இயல்பு, போறது ஒரு நோய்னு யார் முடிவு பண்ணினது? காலனி ஆட்சிக் காலத்தில் இருந்து வளர்ச்சித் திட்டங்கள் எல்லாமே கிராமத்தான் கிராமத்திலேயே இருக்கணும்ங்கிற எண்ணத்தில்தான் போடப்பட்டிருக்குன்னு அவர் காட்டினார்.

இதைக் கரிசல்காரங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க. நம்ம ஊர்கள்ல பாதி, எங்கிருந்தோ நடந்து வந்தவங்க காட்டைத் திருத்தி உண்டாக்கின ஊர்கள். கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் எழுதினதே ஆந்திரப் பக்கத்தில் இருந்து கிளம்பி வந்த குடும்பங்களைப் பத்தித்தான். இடைசெவலில் பிறந்த அவரும் பின்னால புதுச்சேரிக்குப் போய் அங்கேயே இருந்து 2021ல் காலமானார். போனதால கரிசல் அவரைவிட்டுப் போயிடுச்சா?

போறது நல்லதா, கெட்டதா?

இந்தக் கேள்வியை எல்லா மேடையிலும் கேட்கிறாங்க. பதில் ரெண்டு பக்கமும் இருக்கு.

1922ல் சிவகாசியில் இருந்து ரெண்டு இளைஞர்கள், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு அடுத்த வருஷம் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினாங்க. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டின்னு மழை பொய்க்கிற பூமி முழுக்க அது பரவினது. போய்த் திரும்பினதால ஊர் பிழைச்சதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதே தொழிலில்தான், 1970களிலும் 80களிலும், விடியறதுக்கு முன்னால கம்பெனி வண்டி கிராமம் கிராமமா வந்து குழந்தைகளை ஏத்திக்கிட்டுப் போனது. கட்டை அடுக்கிட்டு இருட்டின பிறகு வீடு திரும்பினாங்க. ராத்திரி வீட்டில் தூங்கினதால அந்தப் பிள்ளைகள் எந்த இடப்பெயர்ச்சிக் கணக்கிலும் வரல.

அதுக்குப் பின்னால, தென்மாவட்டத்துப் பொண்ணுகளைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளுக்கு மூணு வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கடைசியில் மொத்தமா ஒரு தொகை தர்றோம், கல்யாணத்துக்கு ஆகும்னு சொன்னாங்க. சுமங்கலித் திட்டம்னு பேர். அந்தக் காசில் நகை வாங்கின பொண்ணும் உண்டு. ஹாஸ்டலை விட்டு வெளியே வர விடாம, உடம்பு கெட்டு, பாதியில் திரும்பி, பேசின தொகை கிடைக்காத பொண்ணும் உண்டு.

அதனால போறது நல்லதா கெட்டதான்னு கேட்கிறதை விட்டுட்டு, வேற ரெண்டு கேள்வி கேட்கலாம். போகணும்னு முடிவு பண்ணினது யார்? பிடிக்கலைன்னா திரும்பி வர முடியுமா? ஏஜெண்டுகிட்ட வீட்டில் முன்பணம் வாங்கியிருந்தா ரெண்டாவது கேள்விக்குப் பதில் ‘முடியாது’தான். இந்த ரெண்டு கேள்வியையும் கேட்கிற படிவம் ரொம்பக் குறைவு. அனுப்பின பணம் எவ்வளவுன்னு கேட்கிற படிவம் ஏராளம்.

கணக்கில் இல்லாதவர்களுக்குச் சட்டமும் இல்லை

எண்ணாம விட்டா என்ன ஆகும்னு 2020ல் பார்த்தோம். மார்ச் மாசம் ஊரடங்கு வந்து, லட்சக்கணக்கானவங்க நடந்தே ஊர் போனாங்க. வழியில் செத்தவங்க எத்தனை பேர்னு அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டப்போ, அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படலைன்னு மத்திய தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. எண்ணிக்கை இல்லைன்னா இழப்பீடுங்கிற பேச்சுக்கும் இடமில்லாமப் போகுது.

சட்டத்தைப் பாருங்க. 1979ல் வந்தது மாநிலங்களுக்கு இடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம். ஒப்பந்தக்காரர் மூலமா, மாநில எல்லை தாண்டிப் போறவங்களுக்குத்தான் அது. 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக் கிளம்பிப் போறவங்களையும் சேர்த்துக்கிட்டது. ஆனா மாநில எல்லை தாண்டணும்ங்கிறது மாறல. ஒடிசாவில் இருந்து திருப்பூர் வர்ற பையன் அந்த வரையறைக்குள்ள வருவான். அவனுக்குப் பக்கத்து மிஷினில் நிற்கிற கடம்பூர்ப் பொண்ணு வரமாட்டா. ரெண்டு பேருக்கும் வீடு தூரம், ரெண்டு பேருக்கும் அதே ஹாஸ்டல் கேட்டு. அந்தப் பையனுக்குக் கிடைக்கிறதும் போதாதுங்கிறது வேற விஷயம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில்னு அரசு அறிவிச்சிருக்கு. நமக்கு அது தை, மாசி. அறுப்புக்கு வந்தவங்க வீட்டில் இருக்கிற காலம். வீட்டுக்கு வர்ற ஆசிரியர் கேட்கும்போது, “எல்லாரும் இங்கதான் இருக்கோம்”னு ஒரே வரியில் முடிச்சிறாதீங்க. யார் எங்கே வேலை பார்க்கிறாங்க, எத்தனை மாசமா இருக்காங்க, எதுக்காகப் போனாங்கன்னு விவரமாச் சொல்லுங்க. கல்யாணமாகி வந்த பொண்ணு இப்ப என்ன வேலை செய்றாங்கிறதையும் வேலைக்கான கேள்வியில் விடாமச் சொல்லுங்க. “வீட்டில சும்மா இருக்கா”ன்னு சொல்லாதீங்க, அவ சும்மா இருக்கிறதே இல்ல.

ஆராய்ச்சி செய்ற தம்பி தங்கைகளுக்கும் ஒண்ணு. கோவில்பட்டியிலயும் தூத்துக்குடியிலயும் திருநெல்வேலியிலயும் படிக்கிற நீங்க, வெளியில இருந்து வர்ற எந்தக் குழுவையும் விட இந்த வேலைக்குத் தோதானவங்க. உங்க படிவத்தில் “கடந்த ஒரு வருஷத்தில் வெளியூர் போனீங்களா”ன்னு ஒரே கேள்வி வைக்காதீங்க. சித்திரையில் இருந்து பங்குனி வரைக்கும் 12 கட்டம் போடுங்க. ஒவ்வொரு மாசமும் எங்கே தூங்கினீங்க, எங்கே வேலை பார்த்தீங்கன்னு கேளுங்க. கடைசி மழையையும் கொடையையும் அடையாளமா வச்சுக் கேட்டா எல்லாருக்கும் ஞாபகம் வரும். பூட்டின வீட்டைத் தாண்டிப் போகாதீங்க. பக்கத்து வீட்டு மதினிகிட்ட விவரம் கேட்டு, பூட்டின வீடுன்னே ஒரு வரி எழுதுங்க. எழுதி முடிச்சதைத் தமிழ்ல ரெண்டு பக்கம் சுருக்கி, பதில் சொன்ன ஊர்லயே ஒரு சாயங்காலம் வாசிச்சுக் காட்டுங்க. தப்பு இருந்தா அவங்களே திருத்துவாங்க.

இந்த அத்தியாயம் இத்தோட முடியுது. உங்க ஊரில் எந்த மாசம் யார் எங்கே போறாங்கன்னு ஒரு குரல் பதிவு அனுப்புங்க. அடுத்த முறை கரிமூட்டம் போடுற குடும்பங்களோட ஒரு வருஷத்தை, மாசம் மாசமாக் கேட்டுப் பதிவு செய்யலாம்னு இருக்கேன்.